மிட்டாய் கரைவதற்குள் பேச வேண்டிய பெட்டி

போன வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அரியலூர் பக்கத்தில் நான் வேலை பார்த்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இப்போது பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சரவணன் அனுப்பியிருந்தார். "அண்ணே வணக்கம். புயல், வெள்ளம்னா உதவுறதுக்கு ஒரு ஹாம் ரேடியோ பெட்டி ரெடி பண்ணச் சொல்றாங்க. என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் மட்டும் அனுப்பிடுங்க. அர்ஜென்ட்." கீழே மூன்று ஜோடிக் கும்பிடும் கைகள்.

லிஸ்ட் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருவான் என்பது சரவணனுக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்கும் ஒருநாள் ஐம்பத்தெட்டு வயதாகும். அப்போது தெரியும்.

சுரங்கத்தில் நான் வயர்லெஸ் டெக்னீஷியன். பாறைக்கு வெடி வைக்கும்முன் நாலு திசையிலும் ஆட்கள் விலகிவிட்டார்களா என்று கேட்டுச் சொல்லும் வாக்கிடாக்கிகள் என் பொறுப்பு. எலக்ட்ரிக்கல் ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் ஏணி பிடித்தேன். ஏழாவது வருடம் ஏணியில் ஏறினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஹாம் ரேடியோ இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தச் செலவில் கருவி வாங்கி, முகம் தெரியாத ஒருவரிடம் "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்வதற்குப் பெயர்தான் ஹாம் ரேடியோ. அவரும் அதையே திருப்பிச் சொல்வார். சாதாரண நாட்களில் அவ்வளவுதான் விஷயம். என் மனைவி இரண்டு நாள் கூர்ந்து கவனித்துவிட்டுக் கேட்டாள்: "இதைச் சொல்லவா பரீட்சை எழுதுனீங்க? வூட்டுல நான் கூப்பிட்டா மட்டும் கேக்க மாட்டேங்குது."

என்னை இதில் இழுத்துவிட்டவர் என் மேலதிகாரி ஹபீபுல்லா சார். லெப்பைக்குடிகாட்டுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அது மேசையில் இருக்கும் நேரம் முழுக்க அறையில் யாரும் மூச்சு விட மாட்டோம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நேசன், கரண்ட் இல்ல, டவர் இல்லன்னா பேசுறதுக்கு ஒரு பெட்டி வேணும். ஒரு ஆள் தூக்குற கனம். நீ செய்."

செய்தேன். பச்சை நிற பிளாஸ்டிக் டூல் பாக்ஸ் ஒன்று. உள்ளே ஒட்டுப்பலகையில் திருகிய ரேடியோ. பன்னிரண்டு வோல்ட் லித்தியம் பேட்டரி. பழைய ஆசிட் பேட்டரியை வைத்திருந்தால் தூக்க இரண்டு பேரும், தூக்கியவர்களைத் தூக்க இன்னும் இரண்டு பேரும் வேண்டும். மூன்று துண்டாகக் கழலும் அலுமினியக் குழாயில் ஆன்டெனா. அதை ரேடியோவோடு இணைக்கும் கேபிள், கேபிளின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு உபரி பிளக். ஃப்யூஸ் மூன்று. ஒரு நோட்டு, நாலு பென்சில். பேனா கூடாது என்பது சாருடைய கட்டளை. ஈரத் தாளில் மை ஊறிவிடும், பென்சில் நிற்கும். செய்தியை முதலில் எழுத வேண்டும், பிறகு வாசிக்க வேண்டும், எதிர்முனைக்காரர் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும். "எழுதாம பேசுனா அது செய்தி இல்ல, பொலம்பல்" என்பார்.

பெட்டியை அவர் மேசைமேல் வைத்து, பாராட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் கேன்டீனில் போண்டா போட்டுக்கொண்டிருந்த செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார்.

"வாயில போட்டுக்க. இது கரையிற வரைக்கும் நீ பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது."

செல்வி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார்.

"செல்வி, இதை மாட்டிப் பேச வெச்சுக் குடும்மா. லைசென்ஸ் இருக்கிறவன் நான், பேசுற பட்டனை அமுக்குறது மட்டும் என் வேலை."

"எனக்கு என்னா சார் தெரியும்? நான் எண்ணெயில வேவுறவ."

"அதான் உன்னையக் கூப்பிட்டேன்."

அவர் மூடியைத் திறந்தார். கேபிளை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எது எதுக்குப் போறது? எல்லா ஒயரும் ஒரே மூஞ்சியால்ல இருக்கு." நான் வாயைத் திறந்தேன். சார் விரலைத் தூக்கினார். மூடினேன். செல்வி பேட்டரி ஒயரை ஆன்டெனா ஓட்டையில் சொருகப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு மிட்டாய் அவ்வளவு மெதுவாகக் கரைந்ததில்லை. கடைசித் துணுக்கும் போனபோது பெட்டி ஊமையாகவே இருந்தது.

"பெட்டி பாக்க லட்சணமாத்தான் இருக்கு சார்" என்றார் செல்வி. "பேச்சுதான் வரல."

அவர் போனதும் நான் ஆரம்பித்தேன். "சார், அந்தக்கா படிச்சது..."

"செல்விக்கு ஒரு குறையும் இல்ல. பெட்டியைத் திருத்து."

திருத்தினேன். ஒவ்வொரு பிளக்கிலும் அது போகவேண்டிய ஓட்டையிலும் ஒரே எண்ணைப் பெயின்டால் எழுதினேன். தவறான ஓட்டையில் நுழையவே முடியாதபடி பிளக்குகளை மாற்றினேன். மூடியின் உட்புறம் ஐந்து வரியில் ஒரு அட்டை ஒட்டினேன். முதல் அட்டை பதினேழு வரி இருந்தது. என் இலக்கிய ஆர்வம் அதில் பன்னிரண்டு வரி. ஐந்தாவது மிட்டாய் பாதி கரைந்திருந்தபோது செல்வி எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, "இந்தா, வந்துடுச்சு" என்றார். ரேடியோவில் வெளிச்சம் வந்தது. நான் அழாமல் இருந்ததற்கு வாயில் மிட்டாய் இருந்ததே காரணம்.

சார் பெட்டியின் தாழ்ப்பாள்மேல் ஒரு தாளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே இதுல ஒரு திருகை மாத்துனாலும் மறுபடி செல்வி. மறுபடி மிட்டாய். புரியுதா?"

புரிந்தது. ஒரு தொழில்நுட்பக்காரனுக்குப் புரிவதற்கும் கை சும்மா இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

அந்த ஆண்டு சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் தொலைந்துபோகும் குழந்தைகளைப் பற்றித் தகவல் சொல்ல எங்கள் ஹாம் ஆட்கள் சிலர் போயிருந்தோம். பெட்டியை ஒரு மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அதன் பேட்டரியிலிருந்து ஏழு செல்போன்கள் பால் குடித்துக்கொண்டிருந்தன. மாலைக்குள் பேட்டரி காலி. பிள்ளையைத் தொலைத்த ஒரு அம்மாவை நிற்க வைத்துக்கொண்டு நான் பக்கத்துக் கடையில் கரண்டு கேட்டு ஓட வேண்டியிருந்தது. பிள்ளை பொரி கடையில் சுகமாக இருந்தது, எனக்குத்தான் சுகமில்லை.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். மூடியின் உள்ளே, அதிர்வு தாங்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சுக்கு அடியில், வலது மூலையில். அதைத் தள்ளினால்தான் பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கும் சரி, வெளியேயும் சரி, மின்சாரம் வரும். எவன் போனைச் சொருகினாலும் ஒன்றும் நடக்காது. மிக நேர்த்தியான வேலை. செல்வியைக் கூப்பிடவில்லை. இத்தனூண்டு சுவிட்ச்சுக்கு எதற்கு மிட்டாய் என்று நினைத்தேன். கிழிந்த தாளுக்குப் பதில் புதுத் தாள் ஒட்டி, சாரிடம் "பேட்டரிய சார்ஜ் பண்ணினேன்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கினேன். அது பொய் இல்லை. சார்ஜும் பண்ணியிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஐப்பசியில் மழை கொட்டியது. கொள்ளிடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டது. கரையோரக் கிராமம் ஒன்றில் தாழ்வான தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கரண்ட் போய், கைப்பேசி டவரும் அணைந்துவிட்டது. அரியலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எங்கள் ரேடியோவுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். சாரும் நானும் அங்கே. பெட்டியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவன் மதியழகன்.

மதி எங்கள் சுரங்கத்து ஃபிட்டர். குன்னம் பக்கத்துக்காரன். வெங்காயம் போடும் குடும்பம் என்பதாலோ என்னவோ, எதையும் உரித்துப் பார்த்துத்தான் நம்புவான். என்னோடு உரிமத் தேர்வு எழுதி என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். அதை நான் வழக்கமாகச் சொல்வதில்லை. வண்டியில் ஏறும்முன் அவனிடம் பன்னிரண்டு அறிவுரை சொன்னேன். ஆன்டெனாவைத் தகரக் கூரையிலிருந்து தள்ளி வை, கேபிளை மிதிக்காதே, பென்சிலைச் சீவிக்கொள். "போயிட்டு வரேண்ணே, இன்னும் பேசுனீங்கன்னா தண்ணி வடிஞ்சுடும்" என்றான்.

சுவிட்ச்சைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நினைவே வரவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் விரல் தானாகப் போய் அதைத் தள்ளிவிடும். அப்படி ஒரு சுவிட்ச் இருப்பது என் விரலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த முகாமில் பூங்கோதை என்று ஒரு பெண் இருந்தார். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. முதல் பிரசவம் ஆபரேஷன். கிராமச் செவிலியர் முந்தின நாளே எழுதி அனுப்பியிருந்தார். வலி கண்டால் உடனே படகு வேண்டும். படகு ஒன்றுதான் இருந்தது. இரண்டு முகாம்கள் அதைக் கேட்கக் காத்திருந்தன. எங்கிருந்து முதலில் கேட்கிறார்களோ அங்கே போகும். குரல் வராத இடத்தில் குறையில்லை என்று கணக்கு.

எட்டு மணிக்குப் பேசுவதாக ஏற்பாடு. எட்டுக்குச் சத்தமில்லை. ஆன்டெனா கட்டிக்கொண்டிருப்பான் என்றேன். ஒன்பதுக்கும் இல்லை. இடையில் ஒரு பாலத்தருகே ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்தது. மதி அதற்கு முன்பே தாண்டிவிட்டானாம். முகாம் நிலவரம் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேராக "பிரச்சினை இல்லை" என்று எழுதப் போனார். ஹபீபுல்லா சார் எழுந்துபோய் அவர் பேனாமேல் விரலை வைத்தார்.

"தகவல் இல்லன்னு எழுதுங்க. பிரச்சினை இல்லங்கிறது வேற."

பத்து மணிக்கும் மௌனம். மேசைமேல் இருந்த எங்கள் ரேடியோவை அணைத்து மறுபடி போட்டுப் பார்க்கலாமென்று கையை நீட்டினேன். வலது கை ஆள்காட்டி விரல் அதன் சுவிட்ச்சைத் தள்ளியது. விரல் அங்கேயே நின்றது.

"சார்" என்றேன். "பெட்டிக்குள்ள நான் ஒரு சுவிட்ச் வெச்சிருக்கேன்."

நான் ஸ்பாஞ்சு, வலது மூலை, சிறுவாச்சூர், ஏழு செல்போன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மதிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அவனுக்குச் சொல்ல என்ன வழி?"

ரேடியோவைப் பார்த்தேன். அவனுக்குச் சொல்வதற்கு இருந்த ஒரே வழி, அந்த சுவிட்ச்சுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அப்ப ரெண்டு கால் இருக்கே" என்றார் சார். "கிளம்பு. படகை நான் நிறுத்தி வெக்கிறேன்."

வெளியே சுரங்கத்து டிப்பர் லாரி ஒன்று, அந்த ரோட்டு உடைப்பில் கொட்டுவதற்குக் கல் ஏற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் பழனிவேல் தெரிந்தவர். ஏறிக்கொண்டேன். கையில் சின்ன வாக்கிடாக்கி ஒன்று இருந்தது. ஒன்றிரண்டு மைலுக்குள் கேட்கும். கொள்ளிடக் கரையிலிருந்து அரியலூருக்கு எட்டாது. ரோட்டில் ஓடிய தண்ணீரில் டிப்பர் படகு மாதிரிதான் போனது.

உடைப்பில் இறங்கிப் பார்த்தேன். ஒரு பெரிய வீட்டின் அகலத்துக்கு ரோடே இல்லை. செம்மண் தண்ணீர் சுழித்து ஓடியது. அந்தப் பக்கம் ஒரு அம்மா பத்துப் பதினைந்து ஆடுகளோடு மேட்டில் நின்றிருந்தார். பள்ளிக்கூடம் அங்கிருந்து அரை மைலுக்கு மேல். கையைக் குவித்துக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதில் கைவைத்துவிட்டு, என்னமோ பைத்தியம் என்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

வாக்கிடாக்கியையே எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆற்றில் விழுந்தால் இருந்ததும் போச்சு. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். "அன்புள்ள மதி, முதலில் பதற வேண்டாம். சிறுவாச்சூரில் நடந்ததை முன்னிட்டு, பேட்டரியைப் பாதுகாக்கும் நோக்கத்தோடு நான்..."

பழனிவேல் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "என்னா சார், கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறீங்க? கல்லுல சுத்துற அளவுக்கு எழுதுங்க சார்."

கிழித்துப் போட்டேன். மழைத் தூறலில் நனைந்த தாளில் பென்சிலால் எழுதினேன்: "பள்ளிக்கூடத்தில் ரேடியோ மதியிடம் கொடுக்கவும். மூடிக்கு உள்ளே, ஸ்பாஞ்சுக்கு அடியில், வலது மூலை. சுவிட்ச். தள்ளு." மூன்று பிரதி. மூன்று கல். டிப்பரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பாலிதீன் கிழிசலில் சுற்றி, ஒயரால் கட்டினோம்.

முதல் கல்லை நான் எறிந்தேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை. வருடக்கணக்கில் மைக் மட்டும் பிடித்த கை. பழனிவேல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கினார். அது அக்கரைச் சேற்றைத் தொட்டுச் சரிந்து தண்ணீருக்குள் போனது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் பத்தடி பின்னால் போனார், ஓடி வந்தார், எறிந்தார். நேராக ஆடுகளுக்கு நடுவில் விழுந்தது.

அந்த அம்மா துள்ளிக் குதித்தார். எங்களைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி வைதார்; ஒரு சொல்லும் கேட்கவில்லை என்றாலும் எல்லாம் புரிந்தது. பிறகு குனிந்து அந்தக் கல்லை எடுத்தார். எங்கள்மேல் திருப்பி எறியக் கையை ஓங்கினார்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கும்பிட்டோம். நடு ரோட்டில், மழையில், இரண்டு ஆம்பிளைகள்.

ஓங்கிய கை நின்றது. பாலிதீனைப் பார்த்தார். பிரித்தார். தாளை முகத்துக்கு அருகில் வைத்து வாசித்தார். எங்களைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். இரைச்சல் மட்டும் கேட்டது. பழனிவேல் அக்கரையில் நின்ற ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன்னு கொறஞ்சாலும் அந்தம்மா நம்மள விடாது சார்" என்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு இரைச்சல் சட்டென்று நின்றது. ரேடியோவில் அப்படித்தான், யாராவது பேசும்முன் ஒரு நொடி மௌனம் வரும். அப்புறம் மதியின் குரல். என்னைக் கூப்பிடவில்லை. ஒழுங்காக உரிமத்தில் தந்த அழைப்புக்குறியைச் சொல்லி அரியலூரைக் கூப்பிட்டான்.

"அவசரச் செய்தி. பூங்கோதை. கர்ப்பிணி. காலை ஏழு மணியிலிருந்து வலி. முன்பு ஆபரேஷன். படகு உடனே தேவை. முடிந்தது."

ஏழு மணியிலிருந்து. நான் எட்டுக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க.

சாரின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரத்து அலையை என் கைக்கருவி பிடிக்காது. மதி மறுபடி பேசியபோதுதான் தெரிந்தது. "திருப்பி வாசித்தது சரி. படகு கிளம்பிவிட்டது, சரி." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணன் அங்க இருந்தா ஒன்னு சொல்லிடுங்க சார். ஃப்யூஸ் மூணையும் மாத்திப் பாத்துட்டேன். டிராக்டர் பேட்டரியக் கழட்டி, அதை நேரா ரேடியோவுல மாட்டலாம்னு பெட்டிய அறுக்க அருவாளோட ஒக்காந்துட்டேன். அந்தம்மா ஒரு நிமிஷம் லேட்டா வந்திருந்தா, மூடிய ரெண்டாப் பொளந்திருப்பேன்."

பூங்கோதைக்கு அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தாயும் பிள்ளையும் நலம். பெண் குழந்தை. படகை நிறுத்தி வைக்க சார் என்ன செய்தார் என்பதைக் குமாஸ்தா பிறகு சொன்னார். அடுத்த முகாமிலிருந்து ஒரு சாதாரணக் கோரிக்கை வந்திருந்ததாம். அதிகாரி படகை அனுப்பச் சொன்னபோதெல்லாம், "எங்க ஆள் பேசுவான், பத்து நிமிஷம்" என்று சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். பத்து நிமிடம் பத்து நிமிடமாக ஒன்றரை மணி நேரம்.

சில மாதம் கழித்து அரியலூர் கடைத்தெருவில் பூங்கோதையைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னோடு மதியும் இருந்தான். என்னைக் காட்டி என்னமோ சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த சுவிட்ச்சு வெச்சவரு நீங்கதானா?"

"நான்தாம்மா."

"எடுத்துட்டீங்களா?"

எடுத்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் வேலைக்கு நடந்த பரிசோதனைகளில் அதைவிடச் சுருக்கமானது ஒன்று இல்லை.

எடுத்தது அந்த வெள்ளத்துக்குப் பிந்திய திங்கட்கிழமை. சார் என்னைத் திட்டவே இல்லை. எனக்கு ஸ்டூலைக் காட்டினார். மிட்டாயை நீட்டினார். செல்வி வந்தார், மாட்டினார், பெட்டி பேசியது. "போன தடவையவிட இப்ப சுளுவா இருக்கு சார், என்னா பண்ணுனீங்க?" என்றார். வாயில் மிட்டாய் இருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் புதுத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். வெள்ளத்தன்று கழற்றியது. அதுவரை அவர் கையில் ஏறவே இல்லை.

அந்த சுவிட்ச் இப்போது என் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. ஒன்றையும் எரியவிடாது, ஒன்றையும் அணைக்காது.

சரவணனுக்கு நேற்றுப் பதில் அனுப்பினேன். "தம்பி, கடைக்காரன் ரேடியோ, பேட்டரி, ஒயர் எல்லாம் சொல்லுவான், வாங்கிக்குங்க. பேனா வேணாம், பென்சில். பெட்டியை உங்க மனசுக்குத் தோணுற மாதிரி செய்யுங்க. முடிஞ்சதும் கேன்டீனுக்கு எடுத்துட்டு வாங்க. செல்வியக்கா வேலைய விட்டுட்டாங்க. இப்ப அங்க டீ போடுறது யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிட்டாய் நான் வாங்கிட்டு வரேன்."

உடனே பதில் வந்தது. "சரிங்கண்ணே. மிட்டாய் டீ மாஸ்டருக்கா?"

"இல்ல தம்பி. உங்களுக்கு."